ரயில் டிரைவரின் போர்க்கப்பல்

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கப்பல் சண்டை போட்டவன் நான். ஆம்பூரில் தண்ணீர் என்றால் அது டேங்கர் லாரியில் வருவது. பாலாறு என்று ஒன்று ஓடுவதாகப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். பாலத்தில் நின்று பார்த்தால் மணலும் முள்ளுச்செடியும், தோல் பதனிடும் டேனரிகளின் பக்கம் கறுப்பாக ஒரு வாய்க்காலும்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட ஊரின் பஜாரில், ஒரு மாடியில் இருந்த நெட் சென்டரில், பிளைவுட் தடுப்புக்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போர்க்கப்பல் ஓட்டினேன். பிராட்பேண்ட் வந்த புதிது. எனக்கோ முப்பதை நெருங்குகிற வயது. ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கிற வேலை. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “கழுதை வயசாவுது, கம்ப்யூட்டர்ல கப்பல் வுட்டுகினு இருக்கான்” என்று அம்மா சர்ச்சில் பாதிப் பேரிடம் சொல்லிவைத்திருந்தாள். பெண் அமையாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. சென்டரில் மற்றவர்கள் விளையாடியதெல்லாம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டங்கள். ஓடுவான், சுடுவான், சாவான், மறுபடி எழுந்து ஓடுவான். என் கப்பலோ ஆடி அசைந்து கிளம்பும். பீரங்கியைத் திருப்புவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். குண்டு பறந்து போய் விழவும் நேரமாகும். அதனால் எதிரிக் கப்பல் இப்போது இருக்கிற இடத்தில் சுட்டுப் பிரயோஜனமில்லை. குண்டு போய்ச் சேரும்போது அது எங்கே இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, அங்கிருக்கிற வெறும் தண்ணீரைக் குறி பார்த்துச் சுட வேண்டும். சுட்டுவிட்டு வாயைத் திறந்தபடி காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. வாரம் முழுக்கக் கம்பெனியில் எனக்கு வருகிற வேலையெல்லாம் நேற்றே முடிந்திருக்க வேண்டிய வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. கடலை நான் அப்போதெல்லாம் மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டு பார்த்ததோடு சரி. இருந்தாலும் ஹெட்போனில் அலைச் சத்தம் கேட்டதும் தோள் இரண்டும் தானாகத் தளர்ந்துவிடும்.

இன்னொரு காரணம் அக்கா.

அக்கா வேலூரில் நர்ஸிங் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் வேலை பார்த்து, பிறகு அயர்லாந்துக்குப் போனாள். போன இடத்தில், கூடவே நர்ஸாக இருந்த குடியாத்தத்துப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்கள் லுங்கித் தறி வைத்திருக்கிற இந்துக் குடும்பம். நாங்கள் சர்ச்சில் மூன்றாவது வரிசை பெஞ்சை விட்டுக்கொடுக்காத குடும்பம். கல்யாணம் முடிந்த மறுநாள்தான் அவள் போன் செய்து சொன்னாள். அப்பாவுக்கு மாப்பிள்ளையின் மதம்கூட அவ்வளவு பெரிதாகப் படவில்லை. “சிக்னல் வுழறதுக்கு முன்னாடியே வண்டிய எடுத்துட்டா” என்று அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அப்பா ஜோலார்பேட்டையில் எலக்ட்ரிக் என்ஜின் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் அகராதியில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அதற்குப் பிறகு அக்காவின் பெயர் அவர் வாயில் வரவில்லை. சிக்னலே கொடுத்திருக்க மாட்டார் என்பது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

போன் கார்டு கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகிறது என்று அக்கா புலம்பியபோது நான்தான் அவளுக்கு இந்த விளையாட்டைச் சொன்னேன். ஒரே அணியில் சேர்ந்துகொண்டால், சண்டைக்கு நடுவே திரையின் மூலையில் தட்டச்சு செய்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். அவள் எடுத்தது சின்னக் கப்பல். வேகமாகப் போய், தண்ணீருக்குள் பாய்கிற டார்பிடோ குண்டை விட்டுவிட்டு, புகையைக் கக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவாள். அடி வாங்கிய கப்பலில் தீ அணைப்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்குவதில் மட்டும் அவள் கை அசாத்திய வேகம். நர்ஸ் இல்லையா.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சர்ச் முடிந்து வந்து, பிரியாணி சாப்பிட்டு, அப்பா பாய் விரிக்கிற நேரம் பார்த்துப் போன் அடிக்கும். அம்மா ஓடுவாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைக் காலில் நுழைத்துக்கொண்டு, தெருவுக்குப் போய்விடுவார். அம்மா பேசி முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகுதான் வருவார். ஒரு ஞாயிறு வெயில் மண்டையைப் பிளந்தது. போக்கிடம் இல்லாமல் மசூதிச் சுவரோரம் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

“நெட் சென்டர்ல ஏசி இருக்குதுப்பா, வர்றீங்களா?” என்றேன்.

வந்தார். மகளின் போனுக்குப் பயந்து ஓடியவர், நேராகப் போய் மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஏனென்றால் அம்மாவிடம் பேசி முடித்த கையோடு அக்கா விளையாட்டுக்கு வந்துவிடுவாள். நான் மறைக்கவில்லை. திரையைக் காட்டி, “அதோ ஓரமா போவுது பாருங்க சின்னக் கப்பல், அதான் அக்கா” என்றேன்.

“எனக்கு இன்னா?” என்று சொல்லிவிட்டு ஏசியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஆனால் அடுத்த ஞாயிறு போன் அடிப்பதற்கு முன்பே சட்டை போட்டுத் தயாராக இருந்தார்.

பிறகு எப்போது என் நாற்காலி அவர் நாற்காலியானது என்று எனக்கே தெரியாது. நான் டீ வாங்கப் போய்வந்தால் அவர் உட்கார்ந்திருப்பார். கப்பலை அவர் ஓட்டிய அழகைச் சொல்ல வேண்டும். முன்னால் போகிற பொத்தானை அமுக்குவார், கப்பல் கிளம்பும், போய்க்கொண்டே இருக்கும். கோடு போட்ட மாதிரி நேர்கோடு. இடது வலது என்று இரண்டு பொத்தான்கள் இருப்பதையே அவர் மதிக்கவில்லை. போகிற வழி இப்படித் தெரிந்துவிட்டால் எதிரிக்கு வேறென்ன வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்கள்.

“திருப்புங்கப்பா, திருப்புங்க!” என்று நான் கத்துவேன்.

“ரயிலுக்கு ஏதுடா ஸ்டியரிங்? லைன் போற பக்கம் வண்டி போவும். ஸ்பீடும் பிரேக்கும்தான் நம்ம வேலை.”

“இது கப்பல்ப்பா.”

“எடை எவ்ளோ இருக்குது பாரு. கூட்ஸ் வண்டிதான் இது.”

அதில் உண்மையும் இருந்தது. அவ்வளவு எடையுள்ள ஒன்று எவ்வளவு தூரத்தில் வேகம் பிடிக்கும், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது அவருக்கு உடம்பிலேயே இருந்தது. எதிரியின் பீரங்கி தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் வேகத்தைக் குறைப்பார். குண்டெல்லாம் மூக்குக்கு முன்னால் தண்ணீரில் விழும். அப்போது என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பார், நான்தான் சுட்டவன் மாதிரி. இந்த வித்தையால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பார். கடைசியில் ஒரு தீவில் போய் நேராக முட்டி நிற்பார், அல்லது முழுகுவார்.

இன்னொரு கூத்து அவருடைய கூவல். என்ஜினில் டிரைவர் சிக்னலைப் பார்த்ததும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அசிஸ்டெண்ட் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது ரயில்வே சட்டம். இங்கே நான் அசிஸ்டெண்ட். “எதிர்ல ரெண்டு!” என்பார் கையை நீட்டி. “எதிர்ல ரெண்டு!” என்று நானும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வண்டி நகராது. சென்டர் நடத்தியவன் வாணியம்பாடி காலேஜில் என்னோடு படித்த தோஸ்த். தடுப்புக்கு மேல் தலையை நீட்டி, “அங்கிள், ஆவாஸ் கொஞ்சம் கம்மி பண்ணுங்க, பக்கத்துல பொண்ணு வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுகினு இருக்குது” என்று கெஞ்சுவான். அப்பா அவனையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கை காட்டுவார்.

அக்காவிடமும் நான் சொல்லியிருந்தேன், ஓட்டுவது அப்பாதான் என்று. அவள் நேர்கோட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். “அப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா” என்று ஆங்கில எழுத்தில் தமிழாக மூலையில் வந்து விழும். நான் படித்துக் காட்டினால், “சண்டை நேரத்துல இன்னா பேச்சு? லைனைப் பாரு” என்பார். அவளை அவர் ‘அந்தக் கப்பல்’ என்று மட்டும்தான் சொன்னார். “அந்தக் கப்பல் ஜாஸ்தி முன்னாடி போவுது”, “அந்தக் கப்பலுக்கு அடி பட்டுடுச்சு போல” என்பார். எதிரியை விட்டுவிட்டு அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்து எத்தனையோ தடவை தீவில் முட்டியிருக்கிறார்.

மழைக்காலம் தொடங்கியபோது அக்கா என்னிடம் தனியாகக் கேட்டாள். கிறிஸ்துமஸுக்கு இருவருக்கும் லீவு கிடைக்கும், டிக்கெட் போடட்டுமா வேண்டாமா என்று. “அப்பா மூஞ்சியைத் திருப்பிக்கினு வெளிய போய்ட்டார்னா என்னால தாங்க முடியாது. அவர் ஒரு வார்த்தை பேசட்டும், வர்றேன். இல்லன்னா இனிமே கேக்க மாட்டேன்” என்று எழுதியிருந்தாள். நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் பாட்டுக்கு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த வாரம் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது என்று நினைத்தேன். ஞாயிறு வந்தது. அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கூட்டிக்கொண்டுதான் போனேன்.

அன்றைக்குச் சண்டை ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குச் சரியில்லை. எங்கள் பக்கத்துக் கப்பல்கள் ஒவ்வொன்றாக முழுகிக்கொண்டிருந்தன. அப்பா வழக்கம்போல நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தார். அக்கா எங்களுக்கு வலது பக்கம், கொஞ்ச தூரத்தில் இருந்தாள். அவள்மேல் ஒரு குண்டு விழுந்தது. மூலையில் எழுத்து வந்தது: என்ஜின் போய்விட்டது, நகர முடியவில்லை. அவளுக்கு முன்பக்கத்திலிருந்து ஒரு எதிரிக் கப்பல் டார்பிடோ விடுவதற்காகச் சாவகாசமாக வந்துகொண்டிருந்தது.

நான் அதைப் படித்துக் காட்டினேன்.

“நின்னுப்போச்சா?” என்றார் அப்பா. குரல் மாறியிருந்தது. “வழியில நின்னுப்போச்சா?”

ரயில்வேயில் நடுவழியில் ஒரு வண்டி நின்றுவிட்டால், முதல் வேலை அதைக் காப்பாற்றுவது. மற்ற எல்லாம் அப்புறம். கொடியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், சத்தம் கேட்டு நிற்கட்டும் என்று தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடி வைப்பார்கள், வருகிற வண்டி நின்ற வண்டியில் மோதாமல் எப்படியாவது மறிப்பார்கள். இதைச் செய்யாதவன் மனுஷனே இல்லை என்பது சின்ன வயதிலிருந்து நாங்கள் வீட்டில் கேட்ட வேதம்.

“எந்தப் பட்டன்டா திருப்பறது?” என்றார்.

நான் விரலால் காட்டினேன். அவர் அதை அமுக்கினார், பிடித்த பிடியை விடவில்லை. அவ்வளவு பெரிய கப்பல் முதன்முதலாகச் சாய்ந்து, முனகிக்கொண்டு திரும்பியது. “எதிர்ல டார்பிடோ!” என்று கூவினார். “எதிர்ல டார்பிடோ!” என்றேன். பக்கத்துத் தடுப்புப் பெண் எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள். அக்காவுக்கும் பாய்ந்து வந்த டார்பிடோக்களின் வெள்ளைக் கோடுகளுக்கும் நடுவில் அப்பா கப்பலைக் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினார். பிரேக் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சரியான இடத்தில் நின்றது. அத்தனை டார்பிடோவும் எங்கள் வயிற்றில் இறங்கின. முழுகினோம்.

முழுகிய பிறகும் மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம். அக்காவின் என்ஜின் சரியாகிவிட்டது. அவள் கிளம்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாங்கள் முழுகின இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

“ஏன் நிக்கிறா?” என்றார் அப்பா. “போவச் சொல்லுடா அவளை.”

“நீங்களே சொல்லுங்க” என்றேன்.

அவர் கீபோர்டின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, ‘போ’ என்று அடிக்க எழுத்தைத் தேடினார். ‘ப’வுக்கு எது, ‘ஓ’வுக்கு எது என்று தேடி முடிப்பதற்குள் அக்காவும் முழுகிவிட்டாள். அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சென்டரின் வாசலோரம் கண்ணாடிக் கதவு போட்ட ஐ.எஸ்.டி. பூத் ஒன்று இருந்தது. அதற்குள் போய் நின்றுகொண்டு, “நம்பர் போடு” என்றார்.

போட்டேன். அந்தப் பக்கம் அக்கா ஹலோ சொன்னது எனக்கே கேட்டது.

“ஏம்மா, புத்தி கித்தி இருக்குதா உனக்கு?” என்று ஆரம்பித்தார். இரண்டு வருஷத்துக்கும் மேலாகப் பேசாத மனுஷர் பேசிய முதல் பேச்சு அது. “நான்தான் முழுவிட்டேன் இல்ல? நீ ஏன் அங்கியே நின்னே? என்ஜின் வந்துச்சு இல்ல? போய்கினே இருக்கணும்மா. நின்னு பாக்கறதுக்கு அங்க இன்னா இருக்குது?”

அந்தப் பக்கத்திலிருந்து அழுகை மட்டும் வந்தது. அப்பா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பூத்தின் கண்ணாடியைத் தோளில் கிடந்த துண்டால் தேவையே இல்லாமல் துடைத்தார். தோஸ்த் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, எங்களைப் பார்க்காதவன்போல் பில் புத்தகத்தைப் புரட்டினான்.

“சரி, அழுவாத” என்றார் அப்பா. பிறகு, “அந்தப் பையனுக்கும் இதெல்லாம் ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டார். அவள் என்னவோ சொன்னாள்.

“அப்ப கிறிஸ்துமஸுக்கு வர்றப்ப அவனையும் கூட்டிகினு வா. எனக்குத் திருப்பக் கத்துக் குடுக்கட்டும். உன் தம்பிக்குப் பொறுமை கம்மி.”

எனக்கா பொறுமை கம்மி? எத்தனை ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்து கத்தியிருப்பேன்! ரோஷமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். “அவனையும் கூட்டிகினு வா!” என்று அசிஸ்டெண்டாகத் திருப்பிச் சொல்லத்தான் வந்தது.