கிளிப்பச்சை நூல்

கன்னத்தில் வைத்தால் முயல்குட்டியைத் தொட்டதுபோல் இருந்தது அந்த நூல். ஆம்பூர் பஜாரில் ஒரு பாய் நடத்திய ஃபேன்சி ஸ்டோரில், வளையல் அடுக்குகளுக்கு மேலே கம்பியில் வரிசையாகத் தொங்கிய நூல் கண்டுகளில் கிளிப்பச்சை நிறத்தில் ஒன்றை இறக்கி, என் கன்னத்தில் தேய்த்து, "எப்டிடி இருக்குது?" என்று கேட்டாள் என் சித்தி. நான் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கன்னத்தையும் காட்டினேன்.

சித்தியின் பெயர் வசந்தா. என் அம்மாவுக்கு ஒரே தங்கை. வேலூரில் ஒரு கிறித்தவப் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு சிஸ்டர் பெண்களை உட்கார வைத்து "நிட்டிங்" கற்றுக்கொடுத்ததில், இரண்டு ஊசியும் நூலும் கிடைத்துவிட்டால் சோறுகூட வேண்டாம் என்கிற பிடிப்பு இவளுக்கு வந்துவிட்டது. படிப்பு முடிந்ததும் ஆம்பூருக்கு வந்து எங்களோடு தங்கி, ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான "அப்பர்" தைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். விடியும்போது கம்பெனி வேன் வந்து கூட்டிப் போனால், விளக்கு வைத்த பிறகுதான் கொண்டுவந்து விடும்.

அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அம்மா கம்பெனிப் பெண்களுக்குக் காலையில் தோசையும் மதியத்துக்குச் சோறும் டப்பாவில் கட்டிக் கொடுத்து வீட்டை நடத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய அடுப்படியில் பாத்திரம் துடைக்கவும், சூடானதைப் பிடித்து இறக்கவும் இருந்தது பழைய புடவையிலிருந்து கிழித்த ஒரே துண்டு. கறுத்து, எண்ணெய் ஏறி, எவ்வளவு துவைத்தாலும் வாடை போகாத அதற்கு எங்கள் வீட்டில் "கரித்துணி" என்றே பெயர். முதல் சம்பளம் வாங்கிய அன்று, அக்காவுக்குப் புடவை எடுக்கலாமா என்று யோசித்த சித்தி, "பொடவைய பீரோல மடிச்சி வெச்சிடுவா. அடுப்படிக்கு அழகா துணி பின்னிக் குடுத்தா தெனமும் கையிலயே இருக்கும்" என்று முடிவு செய்துதான் என்னையும் இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்கு வந்திருந்தாள்.

பாய் நூலைக் காகிதத்தில் சுற்றியபடி, "ஸ்வெட்டராம்மா?" என்று கேட்டார்.

"இல்ல பாய், கைத்துணி. அடுப்படிக்கு."

பாய் சுற்றுவதை நிறுத்தினார். "இது உல்லன் மாதிரி இருக்கும், உல்லன் இல்லம்மா. இதுக்குச் சூடு ஆவாது, உருகிடும். அதுக்குக் காட்டன்தான் சரி. எங்கிட்ட காட்டன் இல்ல, குடியாத்தத்துல கிடைக்கும்."

"எனக்குத் தெரியும் பாய், நான் பின்றவ" என்று சிரித்துக்கொண்டே பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள் சித்தி. விடுதியில் சிஸ்டரும் இதையேதான் சொல்லியிருந்தார் என்பதைப் பின்னால் அவளே சொல்லி அழுதிருக்கிறாள். ஆனால் அன்று கடைக்குள் விழுந்த வெயிலில் அந்தப் பச்சை மின்னிய மின்னலில், பாய் சொன்னதோ சிஸ்டர் சொன்னதோ அவள் காதில் ஏறவில்லை.

ஒரு வாரத்தில் துணி தயாராகிவிட்டது. ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன வளைவுகள். அம்மா அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "இதால போய்ப் பாத்திரம் துடைக்கச் சொல்றியே, பைத்தியமே" என்று சொல்லி ஆணியில் மாட்டினாள். எடுக்கவே இல்லை. சித்திதான் தினமும் வேனிலிருந்து இறங்கியதும் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, "இன்னுமா எடுக்கல? புடிக்கலன்னா சொல்லிடு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அந்த முகத்துக்காகத்தான் ஒரு நாள் காலை, கடைசித் தோசையை எடுத்துவிட்டு, கரித்துணியைத் தள்ளி வைத்துவிட்டுப் பச்சைத் துணியை எடுத்தாள் அம்மா. காதில்லாத கனத்த இரும்புத் தோசைக்கல். துணியோடு வலது கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது கல் கீழே கிடந்தது. துணி பாதி கல்லோடும் பாதி அம்மாவின் வலது கையோடும் ஒட்டிக்கொண்டு, பச்சைப் பாகாய் இழுபட்டது. வேனுக்காகத் தலை வாரிக்கொண்டிருந்த சித்தி சீப்போடு வந்து நின்றாள். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் நின்றவளை, "குடத்த எட்றீ!" என்று அம்மாதான் அதட்டினாள். அரசு மருத்துவமனையில் நர்ஸம்மா இடுக்கியால் இழை இழையாய்ப் பிரித்து எடுத்தபோது, வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி, உள்ளே அம்மா கத்தும்போதெல்லாம் தன் வலது கையை இடது கையால் நெரித்துக்கொண்டிருந்தாள்.

கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் ஆறுவதற்கு மாதங்கள் ஆயின. டப்பாவை நிறுத்தினால் அந்தப் பெண்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், வீடு நடக்காது. சித்தி கம்பெனிக்கு லீவு போட்டாள். மாவாட்டினாள், தோசை ஊற்றினாள், சோறு வடித்தாள், அம்மாவுக்கு ஊட்டிவிட்டாள். கை சுட்ட அந்த மாதம்தான் அவளை "லைன் சூப்பர்வைசர்" ஆக்குவதாகப் பேச்சிருந்தது. லீவு நீண்டதில் அந்த இடம் வேறொருத்திக்குப் போனது. செய்தியைச் சொன்ன பெண் டப்பாவை வாங்கிக்கொண்டு போன பிறகு, அம்மா கட்டுப்போட்ட கையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கத்தினாள்.

"உன்ன யாருடி லீவு போடச் சொன்னது? என் கையி போனது போதாதுன்னு உன் வேலையும் போவணுமா?"

"போனா போவுது."

"என்னால போச்சுன்னு நான் காலம் பூரா நெனைச்சிக்கினு இருக்கணுமா?"

சித்தி கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "உன் கைய நான் நெனைச்சிக்கினு இல்ல?" என்றாள். அதோடு இருவரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் வேலை செய்தார்கள்.

இதற்கு நடுவில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் சந்தோஷமாக இருந்தேன். பள்ளிவிட்டு வந்தால் சித்தி வீட்டில் இருந்தாள்; இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள்; வேனில் நடக்கும் சண்டைகளை நடித்துக் காட்டினாள். கட்டு மாற்றிவிட்டு வந்து, "அடுத்த வாரம் பிரிச்சிடலாமாம்" என்று அம்மா சொன்னபோது, இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டுமே என்று நினைத்தேன். அந்த வயதுப் பிள்ளைக்கு அது பாவமில்லை என்று இப்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது. ஆனால் அம்மா அந்தக் கையால் என் தலையைத் தொடும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்து நிற்கும்.

கை ஆறிய பிறகு சித்தி கம்பெனிக்குத் திரும்பி, பழைய மிஷினிலேயே உட்கார்ந்தாள். ஆனால் பின்னல் ஊசிகளைத் தொடவில்லை. இரண்டையும் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாள். மாலையில் வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து, "எழுந்திரிடி, குடியாத்தம் போய்ட்டு வரலாம். எனக்குக் கைத்துணி இல்ல" என்றாள்.

"கடைல வாங்கிக்க."

"நீ பின்னித் தந்தா வெச்சிக்கிறேன். இல்லன்னா வெறுங்கையாலயே புடிக்கிறேன்."

குடியாத்தத்தில் லுங்கி நெய்பவர்களுக்கு நூல் விற்கும் கடை. உத்தரம் வரைக்கும் "சிட்டம்" சிட்டமாக, கற்றை கற்றையாக நூல் அடுக்கியிருந்தது. கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு இழையை அறுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள் சித்தி. நான் தீப்பெட்டியோடு பின்னால் போனேன். கொளுத்தி, அணைத்து, முகர்ந்து, நுனியை விரலால் நசுக்கிப் பார்த்தாள். பருத்தி என்றால் சாம்பலாய் உதிர்ந்தது. கலப்பு என்றால் நுனியில் கடுகுபோல் ஒரு கட்டி நின்றது.

"எல்லாம் சுத்தக் காட்டன்மா. கடையக் கொளுத்திடாத" என்றார் கடைக்காரர்.

"கம்பெனில தோலா ரெக்சினான்னு தெரியலன்னா ஓரத்தக் கொளுத்திதான் பாக்குறோம்" என்றாள் சித்தி, அவரிடம் அல்ல, அம்மாவிடம். "அக்கா, தெனம் பாக்குற வேல அது. வீட்டுக்கு எடுத்துனு வந்த நூல ஒரு தடவ கொளுத்திப் பாக்கலியே நானு." கையில் எரிந்த குச்சியோடு, தெருவில் போகிறவர்கள் பார்க்க, அந்த வாசலிலேயே அழுதாள். பாய் சொன்னதையும் சிஸ்டர் சொன்னதையும் அன்றுதான் அம்மாவிடம் சொன்னாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நெருப்ப அணை, வெரல சுட்டுக்கப் போற" என்றாள்.

பிறகும் வேலை முடியவில்லை. சாயம் போட்ட நூல்களை நனைத்துத் தன் வெள்ளைக் கர்சீப்பில் தேய்த்துப் பார்த்து, சாயம் விட்டதை எல்லாம் தள்ளினாள். அம்மா ஒரு மஞ்சளைக் காட்டினாள், சித்தி கூடாது என்றாள். கடைசியில் சாயமே போடாத, பழுப்பு வெள்ளை நூல் ஒன்று தேறியது. தனி இழையாகப் பின்ன முடியாத அளவுக்கு மெலிசு. பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, மறுபடியும் ஊசி எடுத்தாள். முடித்த துணியை உடனே அம்மாவிடம் தரவில்லை. தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, துணியை இரண்டாக மடித்துத் தானே பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றாள். முகம் சிவந்தும் கீழே வைக்கவில்லை.

"போதும், வைடி" என்று அம்மா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். அப்போதுதான் வைத்தாள்.

இப்போது பாயின் கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. கம்பெனிகளில் கேன்டீன் வந்துவிட்டதால் அம்மாவின் டப்பாக்கள் எப்போதோ நின்றுபோயின. கல்யாணமாகி வாணியம்பாடிக்குப் போன சித்தி, வேலையை விட்ட பிறகு வாரம் ஒரு தரமாவது அக்காவைப் பார்க்க பஸ் ஏறிவிடுகிறாள். போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது மூவருமாக ரேஷன் கடைக்குப் போனோம். அம்மா கைரேகை மிஷினில் வலது கட்டைவிரலை வைத்தாள். விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். அடுத்த விரல், அதற்கடுத்த விரல்.

"இன்னாம்மா, ரேகையே இல்ல?" என்றான் கடைப் பையன்.

என் பக்கத்தில் நின்ற சித்தி வாயைத் திறந்தாள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "காலமெல்லாம் பாத்திரம் தேய்ச்ச கையிப்பா, ரேகை எங்கேர்ந்து இருக்கும்? இந்தக் கைய பாரு" என்று சிரித்தபடி இடது கையை நீட்டினாள். மிஷின் ஒலித்தது. அரிசி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

"ஏங்க்கா பொய் சொன்ன?" என்றாள் சித்தி.

"இன்னாடி பொய்? பாத்திரம் தேய்க்கலியா நானு?"

சித்தி அரிசிப் பையை அம்மாவின் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வெயிலில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். அம்மா கேட்டும், நான் கேட்டும், வீடு வரும்வரை பையைத் தரவே இல்லை.