தூசி அக்காவின் கைராசி

எந்த லேப்டாப் வந்தாலும் முதல் வேலையாகக் கவிழ்த்துப் போட்டு, திருகாணிகளைக் கழற்றி, உள்ளே அடைந்திருக்கும் தூசியை ஊதித் தள்ளுவாள். அதனால் தெருவே அவளைத் தூசி அக்கா என்று கூப்பிட்டது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே பத்துக்குப் பத்து அறை. அதுதான் அவள் கடை. அங்கிருந்த வைஃபைக்கும் ‘தூசி அக்கா கடை’ என்றே பெயர் வைத்துவிட்டாள். பட்டப்பெயரை விளம்பரமாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது.

“மெஷின் கெட்டுப் போகல, மூச்சு முட்டுது, அவ்வளவுதான்” என்பது அவள் வழக்கமான பேச்சு. புதுசு வாங்கிக்கோ என்று ஆளைத் திருப்பி அனுப்பும் பெரிய கடைக்காரர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பத்து வருஷத்துக் கிழட்டு லேப்டாப்பையும் நாலு வலைப்பக்கம் ஓட்டுகிற அளவுக்குத் தேற்றிவிடுவாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வேலை தெரிந்தவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்? வாடிக்கையாளர்களின் ஃபோல்டர்களை மட்டும் திறக்கவே மாட்டாள். குழாய் ரிப்பேருக்கு வந்தவள் பீரோவைக் குடையலாமா என்று கேட்பாள். பதினாறு வருஷத்தில் அந்தக் கொள்கையால் அவளுக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அந்தப் புதன்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்பே ஒரு டீச்சர் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது தெருப் பள்ளிக்கூடத்தின் அடையாள அட்டை கழுத்தில் இருந்தது. பையிலிருந்து லேப்டாப்பை எடுக்கும்போதும் கண் வாசல் பக்கமே இருந்தது.

“ரொம்ப ஸ்லோக்கா. ஒரு பக்கம் தொறக்கறதுக்குள்ள ஒரு பீரியடே முடிஞ்சுடுது.”

“எதுக்கும்மா யூஸ் பண்ணப் போற? சினிமா பாக்கவா?”

டீச்சர் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு இன்டர்வியூ. வீடியோலதான் பேசணுமாம். வேற ஊர் ஸ்கூலு. தங்கறதுக்கு ரூமும் குடுப்பாங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இந்த வேலை கெடைச்சா அன்னைக்கு ராத்திரியே நான் போயிடுவேன்க்கா. நான் மட்டும்.”

அந்தக் கடைசி வார்த்தையில் இருந்த கனம் தூசி அக்காவுக்குப் புரிந்தது. மேற்கொண்டு கிளறவில்லை. ரசீதில் எழுதப் போன் நம்பர் மட்டும் கேட்டாள்.

“நம்பர் வேண்டாம்க்கா, போன் வந்தா அவர்தான் எடுப்பாரு. இந்த லேப்டாப்பும் அவர் குடுத்ததுதான். பத்து மாசம் முன்னாடி செத்துப் போச்சுன்னு சொல்லிட்டேன். அப்பலேருந்து ஸ்கூல் அலமாரியிலதான் வெச்சிருக்கேன். நாளைக்கு நானே வந்து வாங்கிக்கறேன்.”

டீச்சர் படியிறங்கிப் போனதும் தூசி அக்கா வரிந்துகட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். ஒரு பிடி தூசி வந்தது. விசிறி சுழன்றது. இருந்த மெமரியோடு இன்னொன்றைச் செருகினாள். ஆன் செய்தவுடன் கூடவே எழுந்து நிற்கும் வெட்டி புரோகிராம்கள் பதினொன்றையும் விரட்டினாள். பன்னிரண்டாவதாக ஒன்று கம்ப்யூட்டரின் சொந்தச் சாமான் போலப் பெயர் வைத்துக்கொண்டு நின்றது. ‘சிஸ்டம்காரன் சமாச்சாரம், நமக்கெதுக்கு’ என்று அதை விட்டுவிட்டாள். டிஸ்க் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. போட்டோ ஏதாவது வைத்திருப்பாள் என்று அதையும் விட்டாள். பிரவுசரில் விளம்பரங்களை அடைத்தாள். பக்கங்கள் பட் பட்டென்று திறந்தன. பதினொன்றரை மணிக்குத் தன் வைஃபையில் இணைத்து, அப்டேட் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனாள். பொண்ணு பிழைத்துக்கொள்ளும் என்று மனசு நிறைந்திருந்தது.

ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது விசிறி இரைந்துகொண்டிருந்தது. நெட் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று பார்த்தாள். அப்டேட் என்றால் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். இங்கே வந்தது கொஞ்சம். போனது அதைப்போல இருபது மடங்கு. இன்னமும் போய்க்கொண்டிருந்தது.

அனுப்பிக்கொண்டிருந்தது அந்தப் பன்னிரண்டாவது புரோகிராம். தூசி அக்கா முதல் தடவையாகத் தன் கொள்கையை மீறி ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே திரையின் படங்கள், நிமிஷத்துக்கு ஒன்றாக, தேதி வாரியாக. டீச்சர் பார்த்த பக்கம், தட்டிய எழுத்து, எழுதி அழித்த வரி எல்லாம் இருந்தன. அனுப்புவதற்கு மெஷினில் திராணி இல்லாததால் பத்து மாசமாக வெறுமனே சேர்த்து வைத்திருந்தது. வந்த இன்டர்வியூ கடிதம், புது ஊரில் இருக்கிற தோழிக்கு எழுதிய மெயில், வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு எடுத்த டிக்கெட். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘அனுப்பப்பட்டது’ என்றிருந்தது.

வைஃபையைப் பிடுங்கினாள். இவ்வளவு நாளும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது இந்த மெஷினின் மந்தம்தான். அதைத் தன் கையாலேயே தீர்த்துக் கட்டிவிட்டாள்.

லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். அந்த வயசில், அந்த வெயிலில், செருப்பு ஒன்று அறுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடக் காவலாளி உள்ளே போய்ச் சொல்ல, டீச்சர் விரலில் சாக்பீஸ் தூளோடு கேட்டுக்கு வந்தாள். தூசி அக்கா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். மறைத்துப் பேச அவளுக்குத் தெரியாது.

டீச்சர் ஒன்றுதான் கேட்டாள். “டிக்கெட்டுமாக்கா?”

“டிக்கெட்டும்தாம்மா. நான்தான் பாவி, பாக்காம விட்டுட்டேன். என்னை எவ்வளவு வேணா திட்டு, ஆனா இப்பவே கெளம்பு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் வரேன். கட்டின துணியோட கெளம்பு.”

டீச்சர் அசையவில்லை. அவள் பார்வை தூசி அக்காவின் தோளுக்குப் பின்னால், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றது. அங்கே ஒருவர் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். சட்டை கசங்காமல் இருந்தது. அவசரமே இல்லாமல் இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்து வந்தார். தூசி அக்கா தன்னையறியாமல் டீச்சருக்கு முன்னால் நகர்ந்து நின்றாள். வந்தவர் அவள் அக்குளில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தார், காலில் அறுந்து தொங்கிய செருப்பையும் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கை கூப்பினார்.

“தூசி அக்கா நீங்கதானே? படங்களோட உங்க வைஃபை பேரும் எனக்கு வந்துச்சு. அதப் பாத்துட்டுக் கடைக்குத்தான் போனேன், பூட்டியிருந்துச்சு. இவ இது செத்துப் போச்சுன்னு சொன்னா, நானும் நம்பிட்டேன்.” சிரித்தார். “ரொம்ப நன்றிங்க. நீங்க இல்லன்னா எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது.”