வறுத்த மண்

தாடிக்கொம்பு ஒச்சம்மாளின் நாற்றுப் பாத்தி அத்தனை சுத்தம். வைக்கோலைப் பரப்பி எரித்து, கொதிநீர் ஊற்றி, ஆறிய பிறகே எலுமிச்சை விதையை ஊன்றுவாள். அப்படியும் ஆண்டுதோறும் நாற்றுகள் வேரழுகிச் சாய்ந்தன.

பிள்ளையில்லாத அந்த வீட்டுக்குக் கணவன் உடையப்பன் சிறுமலை அடிவாரத்திலிருந்து பேச்சாயியை இரண்டாம் தாரமாக அழைத்து வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில். வந்தவளின் சீரோடு ஒரு கூடை மண்ணும் இறங்கியது. நோயில்லாமல் காய்க்கும் கிழட்டு எலுமிச்சையின் அடியில் அள்ளியது. அதில் வெள்ளை நூலாகப் பூசணம் ஓடியது. அதைப் பேச்சாயி தன் பாத்தியில் கலந்தாள். ஒச்சம்மாள் மனத்துக்குள் சிரித்துக்கொண்டாள். அழுகட்டும்.

அழுகவில்லை. பேச்சாயியின் நாற்றுகள் கரும்பச்சையாய் நிமிர்ந்தன. உடையப்பன் வயலிலிருந்து வந்ததும் முதலில் அங்கேதான் போய் நின்றான். அந்த நிற்பைப் பார்த்துப் பார்த்தே ஒச்சம்மாள் பல நாள் சோற்றைக் கருக விட்டாள்.

அடுத்த பருவத்தில் எவள் நாற்று நிற்கிறதோ, கிணற்றடிக் கொல்லை அவளுக்கே என்றான் அவன். புருஷனைப் பங்கு போட்டாயிற்று, கொல்லையையும் விடுவதா என்று ஒச்சம்மாள் குமைந்தாள். பேச்சாயி சந்தைக்குப் போனபோது அவள் பாத்தியிலிருந்து ஒரு கூடை மண்ணைத் திருடினாள். பூசணத்தோடு போடக் கை கூசியது. சட்டியிலிட்டு, வெள்ளை நூல் ஒன்றும் மிஞ்சாதபடி வறுத்துத் தன் பாத்தியில் கலந்தாள்.

நாற்றுகள் வழக்கம்போல் சாய்ந்தன. சக்களத்தி செய்வினை வைத்துவிட்டாள் என்று கிணற்றடியில் வழிமறித்தாள்.

“என் பாத்தியில என்னடி செஞ்சு வச்ச?”

பேச்சாயி குடத்தை இறக்கவில்லை. “நான் ஒண்ணும் செய்யலக்கா. அன்னைக்குச் சந்தையில இருந்து வாரப்பவே தெருமுனை வரைக்கும் மண்ணு கருகுன வாசம். வறுத்தீகளா?”

ஒச்சம்மாள் வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.

“அந்தப் பூசணந்தேன் வேருக்குக் காவக்காரன். அவனைக் கொன்னுபுட்டீகளே. கேட்டிருந்தா நானே அள்ளித் தந்திருப்பேன்.”

அந்தக் கடைசிச் சொல்தான் நெஞ்சைச் சுட்டது.

கொல்லை பேச்சாயிக்குப் போனது. மறு ஆண்டு ஒச்சம்மாள் யாரிடமும் சொல்லாமல் சிறுமலைக்குப் போய், வேறொரு கிழட்டு மரத்தடியில் மண் அள்ளித் தலைச்சுமையாய்க் கொண்டுவந்தாள். வறுக்கவில்லை. அவள் நாற்றும் நின்றது. உடையப்பன் வந்து பார்த்தான். இந்த ஒரு பார்வைக்குத்தானே ஏங்கிக் கிடந்தாள்!

“பேச்சாயி குடுத்த மண்ணா?” என்று கேட்டான்.

“நான் சுமந்த மண்ணு” என்றாள்.

அந்த நாற்றுகளை வீட்டின் பின்புறம் நட்டாள். மரங்கள் காய்த்துக் குலுங்கிய அறுபத்தைந்திலும், பேச்சாயி கொல்லை எலுமிச்சையில் ஊறுகாய் போட்டால் ஒச்சம்மாள் அன்று அதைத் தொடாமல் மோரை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டாள்.