எண்பத்தேழு விசைகளும் ஒரு சுண்டுவிரலும்

மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் அவளை ‘டகடக அக்கா’ என்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் காதில் வாங்கி, வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியாக அடிப்பது வேலை. இருபத்திரண்டு வருஷமாக அடிக்கிறாள். சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விரல்களுக்கோ வாய் ஓயாது.

அந்த விரல்களில் ஒன்று மூன்று வருஷத்துக்கு முன் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பேருந்துக் கதவில் நசுங்கிய வலது சுண்டுவிரல். இருக்கிறது, மடங்காது. ஆபீஸ் கொடுத்த தட்டைக் கீபோர்டில் ஒவ்வொரு பத்தி முடிவிலும் என்டரைத் தட்ட அதுதான் போகவேண்டும். போய்விட்டு வலியோடு திரும்பும். அதனால் கைக்காசு போட்டு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினாள். அதில் எந்த விசை என்ன செய்யவேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளலாம். மாற்றியது கீபோர்டின் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும், கம்ப்யூட்டர் பிரிவின் அனுமதி வேண்டாம். என்டரை இடது கட்டைவிரலுக்குக் கீழே கொண்டுவந்தாள். யாரும் வேண்டுமென்று அழுத்தியறியாத கேப்ஸ் லாக்கைப் பதவி இறக்கி, அங்கே அழிக்கும் விசையை உட்காரவைத்தாள். இன்னொரு விசையைத் தொட்டால் ‘மூன்று நாள் கழித்து மீண்டும் வந்து காட்டவும்’ என்ற முழு வாக்கியமும் தானே விழும்.

குறை ஒன்றுதான். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல் சத்தம்.

பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் கண்காணிப்பாளர் மூன்று வருஷம் பொறுத்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை மெமோ கொடுத்தார். திங்கள் முதல் சத்தம் கூடாது. கூடினால் கீபோர்டு வீட்டுக்கு, அவள் விசாரணைக் கவுன்டருக்கு.

“அக்கா, நீங்க அங்க உக்காந்தா ஜனங்க உங்களுக்கு வழி சொல்லிட்டுப் போவாங்க” என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு முந்நூறு பேர், முந்நூறு முகம், எல்லோருக்கும் பதில். அதற்குப் பேருந்துக் கதவே தேவலை.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜையில் அறுவைசிகிச்சை தொடங்கியது. ஒவ்வொரு விசைக்கும் அடியிலிருக்கும் ஸ்விட்சைப் பற்றவைப்பு இல்லாமலே பிடுங்கி மாற்றக்கூடிய ரகம் அது. எண்பத்தேழு பழைய ஸ்விட்சுகளும் முட்டை அட்டைகளுக்குக் குடிபோயின. புதிதாக வாங்கிய ஓசையில்லாதவை வரிசையில் நின்றன. தையல் மெஷின் மெக்கானிக்கான கணவர் எண்ணெய்க் குப்பியோடு வந்தார்.

“ஆளுக்கொரு சொட்டு விட்டா வாயடங்கிடும்.”

“எண்ணெய் வழிஞ்சு உள்ள போயிடுங்க. கெட்டி கிரீஸ்தான், அதுவும் பிரஷ்ல தொட்டும் தொடாம.”

“முப்பது வருஷமா மெஷின் பாக்குறவன்கிட்டயே பாடமா?”

“முப்பது வருஷமா நம்ம வீட்டு மெஷின் மட்டும் கத்துதே.”

அவர் குப்பியை வைத்துவிட்டு எடுபிடியானார். அடியில் போட ஸ்பாஞ்ச் வெட்டிக்கொடுத்தார். ஸ்பேஸ் பாருக்குக் கீழே கடகடக்கும் கம்பிக்கு அவள் கிரீஸ் தடவினாள். ஒரு ஸ்விட்சின் கால் வளைந்தபோது அவர் அதை இடுக்கியால் நிமிர்த்தி, போன மானத்தை மீட்டார்.

திங்கள் காலை அறையில் ஈ பறந்தால் கேட்கும். கண்காணிப்பாளர் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டி, “இதான் ஆபீஸ்” என்றார்.

மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு பத்துக்குத் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு முழக்கம் கிளம்பியது. ஏறியது, இறங்கியது, நடுவில் விசிலடித்தது. மூன்று வருஷமாக ஆலங்கட்டி மழைக்குள் பத்திரமாக இருந்த குறட்டை. எல்லோரும் முதலில் மின்விசிறியைத்தான் சந்தேகப்பட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைமை டாக்டர் ஒரு திருத்தம் சொல்ல வந்தார்.

“ஏதாவது மோட்டார் ஓடுதா?”

“பழைய மோட்டார் சார். சாப்பாட்டுக்கு அப்புறம் தானா ஓடும்” என்றாள் பக்கத்து மேஜைக்காரி. டாக்டர் தடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் வந்துபோனதைக் கண்காணிப்பாளர் காதில் போட்டதும் அவளேதான், மிகுந்த கவலையோடு.

நாலு மணிக்கு அக்காவுக்கு அழைப்பு வந்தது.

“ஏம்மா, அந்தப் பழையது இருக்கா?”

“எது சார்?”

“அதான்... சத்தம்.”

“முட்டை அட்டையில இருக்கு சார்.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “நாலஞ்சாவது மாட்டிடேன். மத்தியானம் ரெண்டு மணிலேருந்து மூணு மணி வரைக்கும் கேட்டாப் போதும்.”

“மெமோ வேணும் சார்.”

“வாயால சொன்னாப் பத்தாதா?”

“வேண்டாம்னு எழுத்துலதானே குடுத்தீங்க?”

பிரிவின் மெமோக்களை அடிப்பவளும் அவளே. ‘ஊழியரின் சொந்தக் கீபோர்டு, அவர் அமைத்துக்கொண்டபடியே, நிரந்தரமாக மேஜையில் இருக்கும். அலுவலக நலன் கருதி ஸ்பேஸ் பார் மட்டும் ஓசையோடு இயங்கும்.’ அவர் இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டார். அவள் ஸ்பேஸ் பாருக்குப் பழைய ஸ்விட்சை மாட்டி, கம்பியில் தடவிய கிரீஸையும் துடைத்துவிட்டாள்.

அடிக்க எதுவும் இல்லாத நாட்களிலும் இரண்டு மணிக்கு ஒரு வெற்றுத் தாளைத் திறந்து கொஞ்ச நேரம் ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா அடித்ததிலேயே அதிகம் பயன்பட்டது அந்த ஒன்றுமில்லாத பக்கம்தான் என்பது பக்கத்து மேஜைக்காரியின் கட்சி.