மூணுபுள்ளி வைத்த குழாய்

ஊரில் அவருக்கு ‘மூணுபுள்ளி’ என்று பெயர். வெல்டிங் பட்டறைக்காரர். கேட்டோ ஜன்னல் கம்பியோ, எதைச் செய்தாலும் கடைசியில் ஒரு மூலையில் வெல்டிங்காலேயே மூன்று பொட்டு வைப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். தன் பொட்டு இருந்துவிட்டால் அந்த வீட்டுக்காரர் நல்லவர், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள், தன் பொட்டு வைத்த ஒரு துண்டுக் குழாயைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவருடைய தங்கை கரடிக் காப்பகத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறவள். நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில், வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்டப் பன்னிரண்டு வருடம் அடைத்து வைத்திருந்த ஒரு கரடியைக் கூண்டோடு மீட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். கூண்டுக்குக் கதவே இல்லை. கம்பியை அறுக்க ஆள் வேண்டும் என்றதும், “எங்க அண்ணன் இருக்காரே” என்று பெருமையாகச் சொல்லி வரவழைத்தாள்.

வந்தவர் கூண்டைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“இதை யாரு செஞ்சிருப்பாங்க? பாத்தா உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் காப்பகத்து டாக்டரம்மா.

“வெளியூர் வேலை மாதிரி இருக்கும்மா. நம்ம ஆளுங்க இவ்வளவு மட்டமா செய்ய மாட்டாங்க.”

தன் கைவேலையைத் தானே மட்டம் என்று அவர் சொன்னது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

“எந்தப் பாவி செஞ்சானோ, அவன் கை விளங்காமப் போக” என்றாள் தங்கை, அந்தக் கைக்கே தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி.

கரடிக்கு மயக்க ஊசி போட்டிருந்தார்கள். எல்லோருடைய கண்ணும் அதன் மேல். வலது மூலையில், கரடியின் தலைக்குச் சற்று மேலே, தண்ணீர் சொட்டுவதற்காக வளைந்த குழாய் ஒன்று இருந்தது. பொட்டு அதில்தான் இருந்தது. முதலில் அதை அறுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பிறகுதான் கம்பியில் கை வைத்தார். குழாய் இருந்ததையே யாரும் கவனிக்கவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், “கதவு எதுக்கு? பூட்ட உடைச்சுத் தூக்கிட்டுப் போயிடுவாங்க” என்றார் கடைக்காரர். இவரும் சரி என்றார். குட்டியை உள்ளே விட்டு, பொறி படாமலிருக்க ஈரச் சாக்கைப் போர்த்தி, கடைசிக் கம்பியை வெல்டிங் வைத்து மூடினார். சாக்குக்குள் அது முனகியது. குட்டி வளருமே என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்தது. அதை ஒதுக்கிவிட்டு, பொட்டு நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்.

கரடி வந்த மூன்றாம் நாள் மத்தியானம் தங்கை வாடிய முகத்தோடு பட்டறைக்கு வந்தாள்.

“தண்ணியே குடிக்க மாட்டேங்குது அண்ணா. தொட்டி வச்சோம், குட்டை இருக்கு, அந்தப் பக்கமே போகல. புது அடைப்புலயும் வலது மூலையில நின்னுக்கிட்டு மேல பாத்து நாக்கை நீட்டுது. நாளைக்கு மறுபடி ஊசி போட்டு டிரிப்ஸ் ஏத்தணுமாம். இதயம் பலவீனமா இருக்கு, ஊசியைத் தாங்குமான்னு தெரியலைன்னு டாக்டரம்மா சொல்றாங்க.”

அவர் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “மேலேர்ந்து சொட்டுற மாதிரி ஒரு குழாய் வச்சுப் பாக்கலாமா? சும்மா தோணுச்சு” என்றார். புதிதாக ஒன்றை வளைத்தார். பொட்டு வைக்கவில்லை. காப்பகத்துக்குப் போய், மூலையில் டிரம்மை ஏற்றி, அவரே மாட்டினார்.

கரடி வந்தது. மோந்து பார்த்தது. திரும்பிப் போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டது. உதடு வெடித்து நாக்கு வெளியே கிடந்தது.

அவர் வீட்டுக்குப் போய்ப் பழைய குழாயோடு திரும்பினார். பன்னிரண்டு வருடம் நக்கி நக்கி அதன் வாய் தகடு மாதிரி தேய்ந்து பளபளவென்று இருந்தது. கொண்டுபோய்த் தங்கையின் கையில் கொடுத்தார்.

அவள் திருப்பிப் பார்த்தாள். பொட்டைக் கட்டைவிரலால் தடவினாள். சின்ன வயதிலிருந்து பார்த்த பொட்டு.

“எப்போ எடுத்த?”

“அன்னைக்கே. அறுக்கும்போது.”

“மூணு நாளா வச்சிருந்தியா?”

அவர் தலை நிமிரவில்லை. “அது தண்ணியில்லாம சாகக்கூடாதுன்னுதான் அன்னைக்குக் குழாய் வச்சேன். கடைக்காரன் அதுகூட வேணாம்னான்.”

“வெளிய வரக்கூடாதுன்னும் நீதானே வச்ச.”

சப்பைக்கட்டு அதோடு நின்றது. குழாயை வாங்கி மாட்டினார். முதல் சொட்டு விழுந்ததும் கரடி எழுந்து வந்தது. மோந்தது. நக்கியது. டிரம் பாதி காலியாகும்வரை நின்று குடித்தது. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கை கரடியை மட்டுமே பார்த்தாள்.

அதன்பின், கரடியைக் குட்டைக்குப் பழக்க, வாரம் ஒரு ஜாண் குழாயை இறக்க வேண்டும் என்று முடிவானது. ஒவ்வொரு வாரமும் அவரே வந்து இறக்கினார். தங்கை வேலை விஷயம் மட்டும் பேசினாள், அண்ணா என்று கூப்பிடவில்லை. குழாய் தரைக்கு வந்து, தொட்டிக்குள் போய், கடைசியில் குட்டைக் கரைக்கும் வந்தது. எட்டாவது வாரம் கரடி குழாயைத் தாண்டிப் போய்க் குட்டையில் வாய் வைத்தது. பிறகு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது.

தங்கை குழாயைக் கழற்றித் துடைத்து அவரிடம் நீட்டினாள். “இந்தா, உன் சாமான்.”

இப்போது அது பட்டறையில் ஆள் கண்ணுக்கு நேராகத் தொங்குகிறது. யாருடைய கேட்டிலும் அவர் பொட்டு வைப்பதில்லை. கேட் வாங்க வந்த ஒருவர் விரலை நீட்டி, “அது உங்க பொட்டுதானே, எதுல வச்சது?” என்று கேட்டார்.

“கதவில்லாத ஒரு கரடிக் கூண்டுல. கூண்டும் நான் செஞ்சதுதான்” என்றார்.

வந்தவர் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று. இவர் டேப்பை எடுத்துக்கொண்டு, கேட்டின் அளவைக் கேட்டார்.