எந்த மாமன்?

மீட்கப்பட்ட குழந்தையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். என்னிடம் டியூஷன் படித்த, மலையூரான நெல்லிவாசல்நாட்டுச் சுமதி, பதினேழு வயதில் கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்து எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைத்தேன். எழுத்தில் எதுவும் கொடுக்காதது என் தவறு.

மறுநாள் போய்க் கேட்டேன். அலுவலர் அவளைக் குழு முன் நிறுத்தவே இல்லை. "சொந்த மாமனே வந்து கூட்டிட்டுப் போய்ட்டாரு சார்" என்றார்.

"அந்த மாமன்தாங்க மாப்பிள்ளை!" என்று கத்தினேன்.

போலீஸோடு ஜீப்பில் மலையேறி, தாலி கட்டுமுன் மீட்டோம். சுமதி இப்போது விடுதியில் படிக்கிறாள்.

அன்றுமுதல் எதற்கும் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குகிறேன். அந்த அலுவலர்மேல் மட்டும் வாரம் ஒரு மனு. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? கடைசியில், துறை நடவடிக்கையாக அவருக்குக் குற்றக் குறிப்பாணை வழங்கியதாகப் பதில் வந்தது. விடுதிக்குப் போய்க் காட்டினேன். குறிப்பாணையின் தேதியைப் பார்த்துச் சுமதி சிரித்தாள்:

"இன்னா சார், இந்தத் தேதியிலதான் எனக்குப் பதினெட்டு முடிஞ்சுது. இனிமே நான் கொழந்தையே இல்லீங்க!"