சிவப்பு நூல் கட்டிய சாவி

அக்காவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும், அவரிடம் இரசாயனவியல் படித்த பிள்ளைகளுக்கும் அவருடைய ஒரே தம்பி எழுதுவது. "அக்காவப் பத்தி நல்லதா நாலு பக்கம் எழுதிக் குடுப்பா" என்று பெரியப்பா மகன் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் அக்காவின் கண் போன அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பன்னிரண்டு வருடமாக நீங்கள் பேசிக்கொண்டிருப்பது தப்பு. ஆய்வுகூடச் சாவியைக் கொடுத்தவள் என்று சொல்லிச் சொல்லி ஒரு பிள்ளையின் பெயரை நாறடித்து வைத்திருக்கிறோம். அதைத் துடைக்காமல் இந்தக் கட்டுரையை முடிக்க மாட்டேன். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம்.

அக்கா அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் பிறந்தார். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. குடிக்காத நாளில் அப்பாவைப் போல ஒரு மனிதர் கிடையாது. அப்படி நாள் மாதத்தில் ஒன்றோ இரண்டோ வரும். மற்ற நாளெல்லாம் கசிப்புச் சாராயம் உள்ளே போகும், கை வெளியே நீளும். அம்மாவின் தலையைச் சுவரில் மோதும் சத்தம் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். அவர்கள் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள்.

அக்கா ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, சோறு பிந்திப் போனதற்காக அவருடைய விஞ்ஞானக் கொப்பியை அப்பா தூக்கி அடுப்பில் போட்டார். அக்கா நெருப்புக்குள் கையை விட்டார். அந்தக் கையிலேயே தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் ஓங்கி அடித்தார் அப்பா. அக்காவின் சுண்டுவிரல் கோணிப்போனது அன்றைக்குத்தான். பிறவியிலேயே அப்படி என்று உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதி கருகிய கொப்பியோடு மறுநாளும் அவர் பள்ளிக்கூடம் போனார்.

அப்பா இரத்தம் கக்கிச் செத்தார். அக்கா அழவில்லை. நான் விழுந்து புரண்டு அழுதேன். பிறகு அதே போத்தலை நானும் தூக்கினேன்.

அக்கா ஹட்டனில் தங்கி உயர்தரம் படித்து, கல்லூரி முடித்து, லிந்துலைப் பக்கம் ஒரு பாடசாலைக்கு இரசாயனவியல் ஆசிரியையாக வந்தார். ஆய்வுகூடம் என்று பேருக்கு ஒன்று இருந்தது. மண்டபத்தின் மூலையில் பலகை அடித்துப் பிரித்த அறை. உள்ளே ஒரு உடைந்த தராசு, எலிப் புழுக்கை, மூடி இறுகிப்போன நாலு போத்தல். "சாமான் வரட்டும் டீச்சர், வந்ததும் செஞ்சு காட்டலாம்" என்றார் அதிபர். "நான் கெழவியானதும் வரும் சேர்" என்று சொல்லிவிட்டு, அக்கா மறுநாளே ஒரு சாக்குப் பையோடு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார்.

அங்கே எறிந்த சேலைன் குழாய்களை வாங்கிக் கொதிக்க வைத்துக் கழுவி, சொட்டுச் சொட்டாக அமிலம் விடும் அளவியாக்கினார். மை போத்தலில் திரி போட்டு விளக்கு. தயிர்ச் சட்டி, ஜேம் போத்தல், பியூஸ் போன பல்பு எல்லாம் அவருக்குப் பாத்திரம். பழைய பற்றரியைப் பிளந்து துத்தநாகத் தகடு எடுத்தார். அதை லொறிக் கராஜில் வாங்கிய பற்றரி அசிட்டில் போட்டு, வரும் வாயுவைப் பிடித்து நெருப்பைக் காட்டுவார். டப்பென்று வெடிக்கும். பிள்ளைகள் மேசைக்கடியில் பாய்வார்கள். வினாகிரியில் ஊறிய துருப்பிடித்த ஆணித் தண்ணீரைப் பால் விடாத சாயத் தேநீரில் விட்டால் கன்னங்கரேல் என்று மை வரும். நம் தாய்மார் பறித்த கொழுந்தில் வந்த மையால் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதினார்கள்.

ஒரு நாள் சிவப்பு முட்டைக்கோவாச் சாற்றில் சவர்க்காரத் தண்ணீரை விட்ட வகுப்பு. எல்லாக் கொப்பியிலும் "பச்சை" என்று எழுதியிருந்தது. அக்கா ஒரு மாணவியைக் கூப்பிட்டார்.

"ஒன் கொழாயில என்ன கலர் இருக்கு?"

"நீலம் டீச்சர்."

"அப்பறம் ஏன் பச்சைன்னு எழுதுன?"

"புத்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கு."

"கண்டத எழுது. புத்தகத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அந்த மாணவிதான் கோகிலா. அன்றிலிருந்து அக்காவுக்கு வலது கை மாதிரி. ஆய்வுகூடத்துக்குச் சாவி இரண்டு. ஒன்று கோகிலாவிடம், அட்டைத் துண்டு கோத்தது. மற்றது எங்கள் வீட்டில், மாரியம்மன் படத்துக்குப் பின்னால் ஆணியில், சிவப்புக் கம்பளி நூல் கட்டியது.

காய்ச்சி வடித்தல் பாடம் வந்தது. ஆவியைக் குளிரவைக்கும் கண்ணாடி ஒடுக்கி உடைந்து பல வருடம். "யார் வீட்லயாச்சும் செம்புக் கொழா இருந்தா கொண்டாங்க" என்று அக்கா வகுப்பில் சொல்லிவிட்டார். பழைய பிரிஜ் குழாய் ஏதாவது வரும் என்று நினைத்தாராம். தோட்டத்துப் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்டால் என்ன வரும் என்று தோட்டத்திலேயே பிறந்தவருக்குத் தோன்றாமல் போனது. கோகிலா சுருளாக வளைத்த செம்புக் குழாய் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து வைத்தாள். அவளுடைய தகப்பன் கசிப்புக் காய்ச்சும் ஆள்.

அக்கா அதை மோந்து பார்த்தார். எங்கள் வீட்டில் வளர்ந்த எவருக்கும் அந்த நாற்றம் தெரியும். ஆனாலும் கழுவி, கேத்தலில் பொருத்தி, சாயத் தேநீரைக் கொதிக்க வைத்தார். மறுமுனையில் நிறமே இல்லாத தண்ணீர் சொட்டியது. "சாராயமும் இப்பிடித்தானே டீச்சர் வரும்" என்று பின்வரிசை வாங்கில் ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். பாடம் முடிந்ததும் அவள் கையை நீட்டினாள். அக்கா சுருளைக் கொடுக்கவில்லை. "இது இனிமே பள்ளிக்கூடத்துச் சாமான். அப்பா கேட்டா டீச்சர்கிட்ட இருக்குன்னு சொல்லு" என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அக்காவின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவர் எங்கள் அப்பாவின் கையிலிருந்துதான் போத்தலைப் பிடுங்கினார் என்று எனக்கு இப்போது புரிகிறது. வீட்டுக்குப் போன கோகிலாவுக்கு இடுப்புப் பெல்ட்டால் அடி. முதுகு பிளந்தது. அதை அவள் டீச்சரிடம் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்துச் சனிக்கிழமை. பகலில் நான் போத்தல் கேட்டுக் கோகிலாவின் தகப்பன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அடுப்பு எரிஞ்சு நாலு நாளாச்சு. ஒங்கக்கா பூட்டி வச்சிருக்கா" என்று காறித் துப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சனிக்கெழமையில ஹட்டனுக்குக் கிளாசுக்குப் போயிருமே அது. ஏம் மக அவ சாவிய எங்கயோ ஒளிச்சிட்டா. ஒங்க வீட்டுல இருக்க சாவிய மட்டும் எடுத்துக் குடு. சத்தமில்லாம எடுத்துக்கிறேன். மிச்சமிருக்க கடைசிப் போத்தல் ஒனக்கு."

சாவியை எடுத்துக் கொடுத்தது நான். குடிவெறியில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அந்த நேரம் என் வயிற்றில் ஒரு சொட்டும் இல்லை. குடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன். சாமி படத்தை நகர்த்தி, ஆணியிலிருந்து கழற்றி, நூலைச் சுருட்டி அந்த ஆள் கையில் வைத்தேன்.

அன்று பாதையில் மண் சரிந்து பஸ் திரும்பிவிட்டது. அக்கா சும்மா இருப்பவரா? வழியில் கோகிலாவையும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனார். கதவு திறந்து கிடந்தது. சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த ஆள் நின்றார். "அத வச்சிட்டுப் போங்க" என்றார் அக்கா. சுருளாலேயே முகத்தில் அடி விழுந்தது. அக்கா சுருளைப் பற்றிக்கொண்டார், விழுந்தும் விடவில்லை. அந்த ஆள் வயிற்றில் மிதித்தார், தலைமயிரைப் பிடித்துத் தரையில் இடித்தார். ஓடிவந்து காலைக் கட்டிப்பிடித்த சொந்த மகளின் வாயில் உதைத்தார். முன் பல் இரண்டு தெறித்தன. கடைசியில் அலுமாரியில் கைக்கு அகப்பட்ட போத்தலை எடுத்து வீசினார். பற்றரி அசிட்.

அக்காவின் இடது கண்ணும் கழுத்தும் வெந்தன. அந்த நிலையிலும் அவர் போட்ட சத்தம் இதுதான்: "தண்ணி. வேற எதையும் போடாதீங்க. தண்ணி மட்டும் ஊத்துங்க, நிறுத்தாதீங்க." வாயில் இரத்தம் ஒழுக ஒழுக, மழைத்தண்ணீர்ப் பீப்பாயிலிருந்து ஜேம் போத்தலால் மொண்டு மொண்டு ஊற்றியவள் கோகிலா. லொறி வரும்வரை அவள் கை ஓயவில்லை. அந்த நேரத்தில் நான் பாலத்தடியில் உட்கார்ந்து போத்தலைத் திறந்துகொண்டிருந்தேன்.

பொலிஸ் அக்காவிடம் கேட்டது, சாவி யார் கொடுத்தது என்று. "தெரியாது" என்றார். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது சாவி இல்லை. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாலை அது ஆணியில் பழையபடி தொங்கியது. அந்த ஆள் எறிந்துவிட்டு ஓடியதை அக்கா எடுத்துச் சேலைக்குள் செருகி வைத்திருந்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்த சாவி ஆணியிலேயே தொங்க, பழி மற்றச் சாவிக்காரிமேல் விழுந்தது. அந்த ஆளும் மகளையே கைகாட்டிவிட்டுச் சிறைக்குப் போனார். "கோகிலா இல்ல, கோகிலா இல்ல" என்று அக்கா சொன்னார். அப்படியென்றால் யார் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். ஊர் அவளைக் காறித் துப்பியது. படிப்பு நின்றது. கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அக்கா குழாயை வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துப் பார்த்துப் படிப்பித்தார், புற்றுநோய் படுக்கையில் தள்ளும்வரை. கடைசி வாரம் நுவரெலியா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, கண்டத எழுதுன்னு எத்தன வருசம் கத்துனேன். நான் செவப்பு நூலக் கண்டேன்டா. எழுதல. ஒன்னக் காப்பாத்துனேன், அந்தப் புள்ளைய விட்டுட்டேன். அது பாவம்."

"நான் சொல்லிர்றேன்க்கா" என்றேன்.

சொல்லவில்லை. சாவு வீட்டுக்குக் கோகிலா வந்தாள். "சாவி குடுத்தவ வந்து நிக்கிறா" என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். எல்லாம் முடிந்து, வாசலுக்கு வெளியே நின்றவளிடம் தேத்தண்ணி கொண்டுபோனேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்ண்ணே. டீச்சர் அந்தச் சாவிய சேலைக்குள்ள செருகுனத நானும் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"டீச்சரே சொல்லல. நான் எப்பிடிச் சொல்றது?"

அந்த வார்த்தையோடு ஒரு வருடம் தூங்கி எழும்பியிருக்கிறேன். அம்மாவிடம் போன வாரம் சொன்னேன். இந்த வயதில் செருப்பைக் கழற்றி அடித்தார். அடித்து ஓய்ந்தபின், "போயி அந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைச் சுமந்த லொறிக்காரர், கண்ணுக்கு மருந்திட்ட தாதிமார், கடைசிவரை முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த பழைய மாணவர்கள், திதிக்குச் சமைக்கக் கைகொடுத்த லயத்துச் சனங்கள், எல்லாரையும் கும்பிடுகிறேன். ஆனால் முதல் நன்றி, அக்காவின் முகத்தில் தண்ணீர் ஊற்றிய கைக்கு.

இன்று பந்தியில் முதல் இலை கோகிலாவுக்கு. அம்மாவுக்குப் பக்கத்தில், முன் பல் இல்லாமல் உட்கார்ந்திருப்பவள்தான் அவள். என்னோடு இனிப் பேசுவதும் பேசாததும் உங்கள் இஷ்டம். அவளிடம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.